ஜெயண்ட் ரோபோட்: நான் பார்க்காமல் விட்ட கடைசி வாரம்

எண்பதுகளின் நடுவில் திட்டக்குடியில் எங்கள் தெருவுக்கே ஒரே ஒரு டிவிதான். வாத்தியார் வீட்டு கறுப்பு வெள்ளை டிவி. மாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்புவான், கீழே இருந்து இன்னொருத்தன் "போச்சு... போச்சு... ஆங், அங்கயே வுடு" என்று கத்துவான். அப்படி வந்து சேர்ந்ததுதான் ஜெயண்ட் ரோபோட்.

தூர்தர்ஷன் போட்ட ஜப்பானியத் தொடர். கார்ட்டூன் இல்லை, ஆள் உடை மாட்டிக்கொண்டு நடித்தது. பேச்சு ஆங்கிலத்தில். எங்களில் ஒருத்தனுக்கும் புரியாது, அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. ஜானி சோக்கோ என்ற பையன் கையில் ஒரு வாட்ச். அதில் அவன் பேசினால் எகிப்து அரசன் முகம் கொண்ட ராட்சத ரோபோட் பறந்து வரும், விரல் நுனியிலிருந்து ஏவுகணை விடும். நாங்கள் எல்லாரும் பால்பாயிண்ட் பேனாவால் மணிக்கட்டில் வாட்ச் வரைந்துகொண்டோம்.

பாதித் தொடரில் எனக்குச் சலித்துவிட்டது. வாரா வாரம் ஒரு பூதம் வரும். பையன் மாட்டிக்கொள்வான். வாட்ச்சைப் பிடுங்கிக்கொள்வார்கள். எப்படியோ திரும்பக் கிடைக்கும். ரோபோட் வரும், முதலில் அடி வாங்கும், பிறகு ஜெயிக்கும். "இப்ப வாட்ச்ச புடுங்குவானுங்க பாரு" என்று நான் முன்கூட்டியே சொல்வேன், அதேபோல நடக்கும். நாலைந்து தடவை சொல்லி ஜெயித்ததும் அந்தப் பெருமையும் போய்விட்டது. தொடர் ஓடும் நேரத்தில் நான் வெளியே கோலி ஆட ஆரம்பித்தேன். தம்பி மட்டும் விடாமல் போய் உட்கார்ந்தான்.

ஒருநாள் அழுதுகொண்டே வந்தான். "ரோபோட்டு செத்துப்போச்சு" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அடுத்த வாரம் வந்துரும்டா, கதையே அதான்." அடுத்த வாரம் வரவில்லை.

முப்பது வருஷம் கழித்து, ஏதோ தேடும்போது இந்தத் தொடர் கண்ணில் பட்டது. அதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

ஜப்பானில் இது ஒளிபரப்பானது 1967 அக்டோபர் முதல் 1968 ஏப்ரல் வரை, மொத்தம் 26 வாரம். தயாரிப்பு தோயெய் நிறுவனம். கதையை உருவாக்கியவர் மித்சுதெரு யோகோயாமா என்ற காமிக்ஸ் கலைஞர். 1934-ல் கோபே நகரத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு எரித்த நகரம் அது. அப்போது அவர் சின்னப் பையன்.

1956-ல் அவர் வரையத் தொடங்கிய 'டெட்சுஜின் 28' தான் ராட்சத ரோபோட் கதைகளுக்கெல்லாம் முன்னோடி. போரில் ஜெயிப்பதற்காக ஜப்பான் ராணுவம் ரகசியமாகச் செய்த இயந்திரம், போர் முடிந்தபின் ஒரு சிறுவன் கைக்கு வருகிறது. அந்த ரோபோட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னதைச் செய்யும். ஜெயண்ட் ரோபோட்டில் ரிமோட் வாட்ச்சாக மாறியது, முதலில் பதிவான குரலுக்கு மட்டும்தான் கீழ்ப்படியும். அப்போ எனக்குச் சலித்துப்போன அந்த வாட்ச் பிடுங்கல், கதையின் அடிப்படைக் கேள்வியாக இருந்திருக்கிறது. ஆயுதம் யார் பேச்சைக் கேட்கும்?

ஃபார்முலாவுக்குப் பணக் காரணமும் உண்டு. வாரம் ஒரு கதை எடுக்க வேண்டும், பூத உடை தைக்கக் காசு வேண்டும், பழைய உடையைக் கொஞ்சம் மாற்றி மறுபடி மாட்டுவது இந்தத் துறையில் சகஜம். அடுத்து 1972-ல் வந்த 'மஜிங்கர் இசட்' 92 வாரம் ஓடியது, அதன் பொம்மைகளும் அமோகமாக விற்றன. அதற்கப்புறம் பொம்மைக் கம்பெனிகள்தான் ஸ்பான்சர். பொம்மை விற்க வேண்டுமென்றால் வாரா வாரம் ரோபோட் சண்டை போட்டே ஆக வேண்டும். 1979-ல் யோஷியுகி தொமினோ 'கண்டம்' தொடரில் ரோபோட்டை வெறும் போர்க் கருவியாக்கி, எதிரிகளையும் மனிதர்களாகக் காட்டினார். 52 வாரத்துக்குத் திட்டமிட்டதை 43-லேயே நிறுத்திவிட்டார்கள். மறு ஒளிபரப்பில்தான் அது பிய்த்துக்கொண்டு போனது. ஃபார்முலாவை உடைத்தால் அப்போதைக்கு விலை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒன்று எனக்கு உதைத்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். கட்டியங்காரன் வருவான், வேஷம் வரும், போர் வரும். அதைவிடப் பெரிய ஃபார்முலா உண்டா? அதே பையனாக இருந்த நான், அங்கே கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். கர்ண மோட்சம் அன்றைக்கு எல்லாருக்கும் கதை தெரியும், ஆனாலும் பெண்கள் அழுவார்கள். காலையில் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகக் கிடப்பான். ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் சலிப்பு வரவில்லை. கர்ணன் சாகப்போகிறான் என்று முதல் வேஷத்திலிருந்தே தெரியும். ரோபோட் சாகாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என்னை எழுப்பி வெளியே அனுப்பியது அந்த முடிவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் ஒரு ராத்திரி 26-வது வாரத்தைப் பார்த்தேன். வில்லன் கில்லட்டின் பேரரசன் ராட்சத உருவம் எடுக்கிறான். அவனைச் சுட்டால் பூமியே வெடித்துவிடும். ரோபோட்டுக்குச் சக்தி தீர்ந்துவிட்டது. திடீரென்று, யாரும் சொல்லாமலே, அது எழுகிறது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குப் பறக்கிறது. பையன் வாட்ச்சில் கத்துகிறான், திரும்பி வா என்கிறான். அது கேட்கவில்லை. ஒரு விண்கல்லில் மோதி வெடிக்கிறது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். கட்டளை கொடுத்தால் கீழ்ப்படிய வேண்டும், இதுதான் தொழில். 25 வாரம் கட்டளை, கீழ்ப்படிதல், கட்டளை, கீழ்ப்படிதல். அத்தனை வாரம் பேச்சைக் கேட்டதால்தான் அந்த ஒரு தடவை கேட்காமல் போனது அப்படி அறைகிறது. எல்லா ஃபார்முலாத் தொடருக்கும் இப்படி ஒரு கடைசி வாரம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவற்றில் இருக்காது. இதில் இருந்தது, நான் கோலி ஆடிக்கொண்டிருந்தேன்.

தம்பி இப்போது விருத்தாசலத்தில் இருக்கிறான். மறுநாள் போன் போட்டுச் சொன்னேன். "இப்பதான் பாத்தியா?" என்று சிரித்தான். அன்றைக்கு அவனைக் கிண்டல் செய்தது தப்பு, ரோபோட் செத்ததுக்கு அழுதது நியாயம்தான் என்றேன்.

"செத்ததுக்கு அழுவலண்ணே. அந்தப் பையன் வா வான்னு கூப்புடுறான், அது திரும்பியே பாக்கல. அதுக்குத்தான் அழுதேன்."

எனக்கு ஆங்கிலம் வந்த பிறகு புரிந்தது, ஒரு வார்த்தை புரியாமல் அவனுக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. முதல் வாரத்திலிருந்து, 26-ம். வாட்ச்சைப் பிடுங்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறான்.