யேபுன் கண் திறந்த பருவம்

விண்மீன்கள் மின்னுவது கவிஞர்களுக்கு உவப்பான காட்சி. வானியலாளர்களுக்கோ அது தொல்லை. வளிமண்டலத்தின் கொந்தளிப்பு ஒளியின் அலைமுகத்தைக் கசக்கிவிடுவதால், எவ்வளவு பெரிய ஆடியை வார்த்தாலும் பிம்பம் கலங்கியே விழுகிறது. கசங்கியதை அளந்து, அதற்கு நேரெதிராக ஓர் ஆடியை வளைத்துச் சரிசெய்யலாம் என்று ஹோரஸ் பாப்காக் 1953இல் எழுதினார். அவர் மனத்திலிருந்தது எண்ணெய்ப் படலம் பூசிய ஆடி. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் மின்னணு வேகம் அன்று இல்லை. பின்னர் அமெரிக்க இராணுவம் இத்துறையில் வெகுதூரம் சென்றது. ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் 1991 வரை இரகசியமாகவே இருந்தன. பிரெஞ்சு வானியலாளர்களும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகமும் அதற்குக் காத்திராமல், 1989இல் ஓட் புரோவான்ஸில் தங்கள் கருவியைச் சோதித்து வென்றனர்.

அந்த வழியில் வந்ததுதான் சிலி நாட்டுப் பாரனால் மலையில், 8.2 மீட்டர் விட்டமுள்ள யேபுன் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட நாக்கோ. (யேபுன் என்பது மபுச்சே மொழிப் பெயர். முதலில் சிரியஸ் என்று பொருள் கொண்டார்கள். வெள்ளி என்பதே சரி என்று பிறகு தெரிந்தது.) 2001 நவம்பர் 25 அன்று அது முதன்முறையாக விண்மீன் ஒளியைப் பெற்றது. 185 சிறு உந்திகள் ஓர் ஆடியை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைத்தன. அரை விகலை அகலமாகப் பரந்து கிடந்த விண்மீன் 0.07 விகலைக்குச் சுருங்கியது.

இக்கருவியை அமைத்தவர்களின் ஒரு முடிவைத் தனித்துச் சொல்ல வேண்டும். அலைமுகத்தை அளக்க ஒரு பிரகாசமான வழிகாட்டி விண்மீன் வேண்டும். நம் பால்வீதியின் மையத்தைத் தூசு மறைத்திருக்கிறது. அங்கிருந்து புறப்படும் கட்புல ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்தடைகிறது. ஆகவே அகச்சிவப்பில் அளக்கும் உணர்கருவி ஒன்றையும் நாக்கோவில் சேர்த்தனர். மையத்திலிருந்து சுமார் ஆறு விகலை தள்ளியிருக்கும் ஐ.ஆர்.எஸ். 7 என்ற செம்மீன் அதற்கு வழிகாட்டியாயிற்று.

பரிசோதனைகள் முற்றுப்பெறாத 2002 வசந்தத்திலேயே அதன் பலன் தெரிந்தது. ரைன்ஹார்ட் கென்சலின் குழு 1992 முதல் பின்தொடர்ந்த எஸ்2 என்ற விண்மீன், மையத்திலுள்ள பொருளை 17 ஒளிமணி நேரத் தொலைவு வரை நெருங்கி, விநாடிக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் திரும்பியது. சுற்றுக்காலம் ஏறத்தாழ 16 ஆண்டுகள். கருவியைத் திட்டமிட்டபோது இந்தப் பருவத்தை எவரும் குறித்து வைத்திருக்கவில்லை. ஓராண்டு தாமதித்திருந்தால் நாக்கோவுக்கு அத்திருப்பம் தவறியிருக்கும், அடுத்தது 2018இல்தான். ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழுவும் அதே விண்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தது. 2002 ஜூனில் அதன் நிறமாலையைப் பதிவு செய்தது.

சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை அத்தனை சிறிய இடத்தில் அடங்கியிருப்பதற்குக் கருந்துளையன்றி வேறு விளக்கம் எளிதில் கிட்டாது. 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதியைக் கென்சலும் கெஸ்ஸும் பகிர்ந்துகொண்டனர். மறுபாதி ரோஜர் பென்ரோஸுக்கு. நாக்கோ அதற்கு முந்தைய ஆண்டே, 2019 அக்டோபரில், பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தது.