ஒரு விண்மீனும் ஒரு முகிலும்

தை, மாசி மாதங்களின் முன்னிரவில் அண்ணாந்து நோக்குவோர், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களைக் காணாதிருக்க முடியாது. மேல்நாட்டார் அவற்றை ஓரியன் என்னும் வேட்டுவனின் இடைக்கச்சை என்பர். யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் யோபுவிடம் தொடுக்கும் வினாக்களுள் இந்த விண்மீன் குழுவைப் பற்றியதும் ஒன்று. அக்கச்சைக்குத் தெற்கே வாள்போல் தொங்கும் சிறு மீன்களின் நடுவில், கூர்ந்து நோக்கின், மங்கலான ஓரிடம் புலப்படும். நானூறு ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தைத் தொலைநோக்கியால் கண்ட இருவரின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. இருவரும் கற்றோர், இருவரும் கத்தோலிக்கர், ஆயினும் எதிரெதிர் அணியில் நின்றவர்கள்.

முதலாமவர் கலிலேயோ. 1610இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஓரியனின் கச்சையையும் வாளையும் வரைந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாத எண்பது மீன்களை அங்கே புதிதாகக் காட்டினார். முகில்போல் தோன்றுபவை யாவும் நெருங்கிக் கிடக்கும் நுண்ணிய விண்மீன்களே என்பது அந்நூலில் அவர் கூறிய கருத்து. பின்னர், அருகருகே தோன்றும் விண்மீன் இணைகளை அவர் தேடலானார். பூமி சூரியனைச் சுற்றுவது மெய்யானால், இணையில் அண்மையிலுள்ள மீன் சேய்மையிலுள்ள மீனைவிடச் சற்று இடம் மாறித் தோன்ற வேண்டும் அல்லவா? அத்தேடலின்போது, 1617 பிப்ரவரி 4ஆம் நாள், வாளின் நடுவில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்களைக் கண்டு குறிப்பேட்டில் புள்ளியிட்டார். புள்ளிகள் துல்லியமாக இருந்தன. அவற்றைச் சூழ்ந்த முகிலைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அத்தாள் அவர் வாழ்நாளில் அச்சேறவுமில்லை.

இரண்டாமவர் யோகான் பாப்டிஸ்ட் சிசாட். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் பிறந்து, 1604இல் இயேசு சபையில் சேர்ந்தவர். பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் 1611இல் தம் ஆசிரியர் அருள்பணி ஷைனருடன் சேர்ந்து சூரியனின் கரும்புள்ளிகளை நோக்கினார். அப்புள்ளிகளால் ஷைனருக்கும் கலிலேயோவுக்கும் இடையே மூண்ட வழக்கு நாடறிந்தது. அவை சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் என்றார் ஷைனர். சூரியனின் மேற்பரப்பைச் சார்ந்தவை என்றார் கலிலேயோ. இதில் கலிலேயோவின் கூற்றே சரி.

1618ஆம் ஆண்டின் இறுதியில் பெரியதொரு வால்வெள்ளி தோன்றியது. அவ்வாண்டுதான் சிசாட் இங்கோல்ஸ்டாட்டில் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றிருந்தார். தொலைநோக்கியால் வால்வெள்ளியை ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1619இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். வால்வெள்ளியின் தலை எவ்வாறு தோன்றியது என்பதை வாசகருக்கு விளக்க அவருக்கு ஓர் உவமை தேவைப்பட்டது. ஓரியனின் வாளைச் சுட்டினார். அங்கே குறுகிய இடத்தில் சில மீன்கள் நெருங்கி நிற்பதையும், அவற்றைச் சுற்றியும் அவற்றின் இடையிலும் வெண்முகில் போன்ற ஒளி பரவியிருப்பதையும் எழுதினார். அவர் கருத்து வால்வெள்ளியில் இருந்ததேயன்றி முகிலில் இல்லை. ஓர் உவமையாகச் சொல்லிவிட்டு மேலே சென்றுவிட்டார்.

விந்தை யாதெனில், சிசாட்டுக்கு இவ்வுவமையைத் தந்த அதே வால்வெள்ளிதான் கலிலேயோவையும் இயேசு சபையாரையும் நிலையாகப் பிரித்தது. உரோமையிலிருந்த அருள்பணி கிராஸி, அது நிலவுக்கு அப்பால் செல்லும் பொருள் என்று எழுதினார். நோயுற்றுப் படுக்கையில் இருந்த கலிலேயோ அதை நன்கு காண இயலாதிருந்தார். எனினும், அது மேலெழுந்த ஆவியில் ஒளி பட்டு உண்டாகும் தோற்றமாக இருக்கலாம் என மறுத்தார். 1623இல் அவர் எழுதிய மறுப்பு நூல் நடையழகால் புகழ் பெற்றது. ஆனால் வால்வெள்ளியைப் பொறுத்தவரை கிராஸியின் கூற்றே சரி. ஆக, கரும்புள்ளியில் ஒருவர் சரி, வால்வெள்ளியில் மற்றவர் சரி. இருதரப்பும் தத்தம் வெற்றியை நினைவில் வைத்தன, தோல்வியை மறந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1633இல் நடந்ததை நாம் அறிவோம்.

ஓரியனின் வாளுக்குத் திரும்புவோம். ஒருவரின் புள்ளிகள் கையெழுத்துத் தாளிலும், மற்றவரின் முகில் வால்வெள்ளி நூலின் உள்ளேயும் மறைந்து கிடந்தன. 1656இல் ஆலந்து நாட்டுக் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் மூன்று மீன்களையும் முகிலையும் ஒருங்கே கண்டு, 1659இல் படத்துடன் வெளியிட்டார். கண்டுபிடித்தவர் அவரே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1854இல்தான் சுவிட்சர்லாந்து அறிஞர் ருடால்ஃப் வோல்ஃப், சிசாட் எழுதியிருந்ததை எடுத்துக்காட்டினார். பிரான்சு நாட்டுப் பெய்ரெஸ்க் 1610 நவம்பரிலேயே முகிலைக் குறித்திருந்தார் என்பது 1916இல் அவருடைய கையெழுத்துச் சுவடியிலிருந்து வெளிவந்தது.

ஹைகன்ஸ் 1684இல் நான்காவது மீனையும் கண்டார். நான்கும் சேர்ந்து அமைக்கும் உருவத்தால் அக்கூட்டம் சரிவகம் எனப் பெயர் பெற்றது. அந்த முகில் உண்மையில் என்ன என்ற வினாவுக்கு 1865இல் விடை கிடைத்தது. இலண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து நோக்கினார். விண்மீன்களுக்குரிய தொடர்ச்சியான நிறங்கள் அங்கே இல்லை; தனித்தனியான ஒளிக்கோடுகளே இருந்தன. முகில் ஒளிரும் வளியால் ஆனது என்பது தெளிவாயிற்று.

அவ்வளியை ஒளிரச் செய்வது எது? சரிவகத்தின் நான்கு மீன்களுள் மிகப் பேரொளி உடையது. வானியலார் அதற்கு இட்ட பெயர் தீட்டா 1 ஓரியோனிஸ் சி. சூரியனைவிட முப்பது மடங்குக்கு மேல் நிறையுள்ளது. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. இதனதோ 39,000 பாகை அளவினது. அவ்வெப்பத்திலிருந்து பாயும் புற ஊதாக் கதிர்களே சுற்றிலுமுள்ள வளியைத் தாக்கி ஒளிரச் செய்கின்றன. கலிலேயோ 1617இல் புள்ளியிட்ட மூன்று மீன்களுள் இதுவும் ஒன்று. சிசாட் கண்ட வெண்முகில் ஒளி பெறுவது, பெரும்பாலும் கலிலேயோ புள்ளியிட்ட இந்த மீனிலிருந்துதான்! ஒருவர் விளக்கைக் குறித்தார். மற்றவர் வெளிச்சத்தைக் குறித்தார். இரண்டையும் சேர்த்து நோக்க அன்று எவரும் இலர்.

நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இந்த விண்மீன் கொத்து மிக இளையது. சூரியனின் அகவை 460 கோடி ஆண்டுகள். இக்கொத்தின் அகவையோ பத்து இலட்சம் ஆண்டுகளை ஒட்டியதே. பெரும் நிறையுடைய மீன்கள் தம் எரிபொருளை விரைந்து செலவிடுவதால் நெடுங்காலம் வாழா. இன்னும் சில இலட்சம் ஆண்டுகளிலோ சில பத்து இலட்சம் ஆண்டுகளிலோ இதுவும் வெடித்து முடியும்.

ஒன்று என எண்ணப்பட்ட இம்மீனும் ஒன்றல்ல. 1999இல் உருசிய நாட்டின் ஆறு மீட்டர் தொலைநோக்கி கொண்டு செய்த ஆய்வில் இதற்கு ஒரு துணை இருப்பது வெளிப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. முதன்மை மீனை 61 நாளில் சுற்றும் மூன்றாவது ஒன்றும் உண்டு என்பது 2018இல் வெளியான ஆய்வுகளால் வலுப்பெற்றது. நானூறு ஆண்டுகள் எத்தனையோ கண்கள் நோக்கிய ஒரே புள்ளியில், மேலும் இரு மீன்கள் மறைந்திருந்தன.

1992 அக்டோபர் 31ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவியல் கழகத்தார் முன் கலிலேயோ வழக்கைப் பற்றிப் பேசினார். அக்கால இறையியலார் பலர் மறைநூலையும் அதற்குத் தாங்கள் கொடுத்த விளக்கத்தையும் வேறுபடுத்தி அறியவில்லை என்று ஏற்றுக்கொண்டார். இருதரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமற்போன துயரத்தையும் சுட்டினார். இறையியல் பயின்ற நம் போன்றோர் இதனை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. நம் எதிரணியில் நிற்பவர் கையிலுள்ள தாளில், நாம் காணத் தவறிய பாதி எழுதப்பட்டிருக்கலாம். அவர் சொல்வது யாவும் சரியாக இருக்க வேண்டியதில்லை. நாம் சொல்வது யாவும் தவறாக இருக்க வேண்டியதுமில்லை. தாளை வாங்கிப் படித்தால் போதும்.

வானம் தெளிவாயிருக்கும் ஓரிரவில், கச்சையின் மூன்று மீன்களுக்குத் தெற்கே நோக்குங்கள். அங்கே தெரியும் மங்கலான ஒளியைப் புள்ளி என்பாரும் சரி, முகில் என்பாரும் சரி. கலிலேயோவும் சிசாட்டும் கண்டது அதைத்தான்.