சாவிக்குக் கட்டுப்பட்ட வெளிச்சம்

லாரியின் முகப்பில் கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டும்போது கரன்ட்டை பாட்டரியிலிருந்து நேராக எடுப்பதா, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுப்பதா என்பது எலெக்ட்ரீஷியன் பட்டறைகளில் அன்றாடம் எழும் கேள்வி. சாவி வழியாகவே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அணைக்க மறந்த இரவில் பாட்டரி இறங்கிவிடும் என்பது வழக்கமான பதில். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மோட்டார் வாகனத்தில் மின்விளக்கு பரவத் தொடங்கிய காலத்தில், உலகில் மிகுதியாக ஓடிய காரிலேயே விளக்கும் இன்ஜினும் பிரிக்க முடியாதவையாக இருந்தன. பாட்டரி அந்த உறவை அறுத்தது; சாவி அதைத் திரும்ப முடிச்சுப் போட்டது. எந்த விளக்கைச் சாவிக்குக் கீழே வைக்க வேண்டும், எதை வைக்கவே கூடாது என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1908இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு முதலில் அசிட்டிலின் வாயு ஹெட்லைட்தான். கார்பைடில் தண்ணீர் சொட்டி, எழும் வாயுவைக் கொளுத்த வேண்டும். 1915ஆம் ஆண்டு மாடலில் மின்சார ஹெட்லைட் வந்தது, பாட்டரி வரவில்லை. இன்ஜினின் ஃபிளைவீலில் பதித்திருந்த காந்தங்கள் சுழன்று, தீப்பொறிக்காக உண்டாக்கிய அதே மேக்னெட்டோ மின்சாரத்தைத்தான் விளக்குக்கும் கொடுத்தார்கள். இன்ஜின் வேகமெடுத்தால் வெளிச்சம் பெருகும், தணிந்தால் மங்கும், நின்றால் இருட்டு. மோசமான சாலையில் மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை. அப்போதுதான் அது குறைந்தது. வெளிச்சத்துக்காகவே இன்ஜினை உறுமவிட்டு, தாழ்ந்த கியரில் ஓட்டினார்கள். ஆனால் அதே காரின் பின்விளக்கு அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெட்லைட் செத்தாலும் அது எரிந்துகொண்டிருந்தது. வழி பார்ப்பதற்கான வெளிச்சம் இன்ஜினைச் சார்ந்திருந்தது. நாம் நிற்பதைப் பிறருக்குக் காட்டும் வெளிச்சம் அதைச் சாராமல் இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த பிரிவினை அல்ல இது. ஆயினும் பின்னால் வந்த விதிகள் இதையே வந்தடைந்தன.

பாட்டரியைக் காரின் நடுநாயகமாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் அவருடைய டெல்கோ நிறுவனம் அமைத்த ஏற்பாட்டில் இன்ஜினைக் கிளப்புவது, தீப்பொறி, விளக்கு மூன்றும் ஒரே மின்னமைப்பாயின. கைப்பிடி போட்டுச் சுற்றும் ஆபத்து ஒழிந்ததோடு, இன்ஜின் நின்ற பிறகும் விளக்கு எரியும் நிலையும் வந்தது. 1919 முதல் மாடல் டியிலும் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் கிடைத்தன. மங்காத வெளிச்சம் பெரும் பேறுதான். அதற்குக் கொடுத்த விலை, விளக்கு வாகனத்தையே செயலிழக்கச் செய்துவிட முடியும் என்பது. கணக்கு எளிது: 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணி பாட்டரி ஏழு மணி நேரத்துக்குள் காலி. ஸ்டார்ட்டரைச் சுழற்றும் தெம்பு அதற்கு வெகுமுன்பே போய்விடும்.

பழைய கார்களில் சாவி தீப்பொறியைத் திறந்து மூடுவதற்கு மட்டுமே இருந்தது. கிளப்ப வேறு பொத்தானோ மிதியோ உண்டு. சாவியைத் திருப்பியே இன்ஜினைக் கிளப்பும் முறையை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. ஜெர்மன் தரநிலையான டின் 72552 இக்னிஷன் காயிலுக்குக் கரன்ட் வரும் முனைக்கு 15 என்று எண்ணிட்டது. சாவி போட்டால் உயிர்பெறும் எல்லா வயருக்கும் அந்த எண்ணே நிலைத்தது. காயிலே இல்லாத டீசல் லாரியிலும் அது 15தான். ஆனால் சாவிச் சுவிட்சின் மெல்லிய தகடுகள் கூடுதல் விளக்குகளின் லோடைத் தாங்கா. 12 வோல்ட்டில் 100 வாட் விளக்கு நான்கு என்றால் 33 ஆம்பியர். தகடு கருகும், வயர் உருகும். ரிலேயின் அருமை இங்கேதான். அதன் 85, 86 முனைகளில் உள்ள சுருளுக்குச் சாவி கொடுக்க வேண்டியது அரை ஆம்பியருக்கும் குறைவு. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு வரும் பெருங்கரன்ட் 87 வழியே விளக்குக்குப் போகிறது. உத்தரவு சாவியுடையது, உழைப்பு பாட்டரியுடையது.

சாவி போட்டிருப்பதால் இன்ஜின் ஓடுகிறது என்று ஆகிவிடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் லாரிகளில் இன்ஜினை நிறுத்த தனிக் கம்பியை இழுக்க வேண்டும். கம்பியை இழுத்துவிட்டு, சாவியை எடுக்க மறந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மேக்னெட்டோவின் உண்மையான வாரிசு சாவி அல்ல, ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனை. சார்ஜ் ஏறும்போதுதான் அது உயிர்பெறும். ஆனாலும் நான் சாவியின் பக்கமே நிற்கிறேன். இறங்கும் ஓட்டுநரின் கை கடைசியாகத் தொடுவது அதைத்தான். வண்டியை விட்டுப் போகிறேன் என்ற அவரது முடிவைச் சுமக்கும் ஒரே பொருள் அது. எல்இடி யுகத்தில் இந்தக் கவலை எதற்கு என்பது அடுத்த கேள்வி. எல்இடி கரன்ட்டைக் குறைத்தது உண்மை. ஆனால் குறைந்துவிட்டதே என்று பத்து விளக்கு மாட்டுகிற இடத்தில் அந்த மிச்சம் நிற்பதில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: இரவு நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் லாரிக்கு இன்ஜினும் இல்லை, சாவியும் போட்டிருக்காது, அப்போதுதான் விளக்கு உயிர்காக்க வேண்டும். இதை முழுமையாக ஏற்க வேண்டும். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டும் அபாய விளக்கு, சாவி அணைந்த நிலையிலும் இயங்க வேண்டும் என்று ஐ.நா.வின் 48ஆம் வாகன ஒழுங்குமுறை சொல்வது இதனால்தான். இன்னொரு பக்கம், இன்ஜினோடு விளக்கைக் கட்டும் பழைய முறையைச் சட்டங்களே மீட்டெடுத்தன. சுவீடன் 1977இல் பகலிலும் விளக்கெரிவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட்டுக்கு அணைக்கும் சுவிட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் அது எரியும்.

ஆகவே லாரிக்குக் கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழி காட்டும் விளக்குகளைச் சாவிக்குக் கட்டுப்பட்ட ரிலேயில் சேருங்கள். பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். பின்விளக்கையும் அபாய விளக்கையும் மட்டும் அந்தச் சாவிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.