டிரையத்லான்: சென்னையில் பயிற்சியும் போட்டிகளும்

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இதே வரிசையில் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. நீரில் இறங்கும்போது ஓடத் தொடங்கும் கடிகாரம் ஓட்டத்தின் எல்லைக்கோட்டில்தான் நிற்கும். இடையில் உடல் துடைத்துக் காலணி மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். சென்னையில் இவ்விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஓடுபவர்கள் அல்லது சைக்கிள் ஓட்டுபவர்கள். அவர்களுடைய முதல் போட்டி எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது நீச்சல்தான். நகரத்தின் கிழக்கு எல்லை முழுதும் கடல் இருந்தும், அதில் நீந்தத் தெரிந்தவர்கள் மீனவக் குப்பங்களுக்கு வெளியே மிகக் குறைவு.

தோற்றமும் தூரங்களும்

இன்றைய பொருளில் முதல் டிரையத்லான் 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் வளைகுடாவில் நடந்தது. 46 பேர் கலந்துகொண்டனர். 1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் இறங்கிய போட்டியிலிருந்து அயர்ன்மேன் பிறந்தது. முடித்தவர்கள் 12 பேர். பன்னாட்டுக் கூட்டமைப்பு 1989இல் அமைந்தது. 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்கிலும், 2006இல் தோகாவில் ஆசிய விளையாட்டிலும் டிரையத்லான் இடம்பெற்றது.

ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் பாதி ஸ்பிரிண்ட்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. அயர்ன்மேன் 3.8, 180, 42.2 கி.மீ.; அதில் பாதிக்கு 70.3 என்று பெயர், மொத்தத் தூரத்தை மைலில் கூட்டினால் வரும் எண். அயர்ன்மேன் என்ற பெயரின் கவர்ச்சியில் நேரே 70.3க்குப் பணம் கட்டுபவர்கள் உண்டு. நீச்சல் பழகாதவருக்கு அது சரியான வழியல்ல. ஸ்பிரிண்ட் அல்லது அதனினும் சிறிய போட்டியில் தொடங்குவதே நல்லது.

நீச்சல்

சென்னையில் முறையான பயிற்சிக்கு ஏற்ற குளங்களில் முதன்மையானது வேளச்சேரி நீச்சல் வளாகம். 1995இல் இந்நகரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது கட்டப்பட்டது. 50 மீட்டர் நீளம் உள்ளது. மெரினாவில் மாநகராட்சியின் குளமும், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அண்ணா நீச்சல் குளமும் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சிறிய குளங்கள் மிதக்கவும் மூச்சுவிடவும் பழகப் போதும். ஆனால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துத் திரும்புபவருக்கு, இடையில் பிடிக்க எதுவுமில்லாமல் 750 மீட்டர் போவது எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியவே தெரியாது.

ஓட்டக்காரர்கள் குளத்தில் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். கால்களை வேகமாக அடித்து, தலையை உயர்த்தி, மூச்சை உள்ளேயே அடக்கிக்கொள்கிறார்கள். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும்; இடுப்பு தாழ்ந்தால் உடம்பே தடையாகிவிடும். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பும் கணம் உள்ளிழுக்க மட்டுமே. இதைப் பழக்கிவிட பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் நிற்பது விலையுயர்ந்த சைக்கிளைவிடப் பயன் தரும். முதல் ஆண்டில் செலவழிக்கும் பணம் இங்கேதான் போக வேண்டும்.

கடல் வேறு உலகம். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை உடைந்து திரும்பும் நீர் ஆளை உள்ளே இழுக்கும். ஆண்டுதோறும் அங்கே உயிர்கள் போகின்றன, காவல்துறை குளிக்க விடுவதில்லை. தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 1994இல், 12 வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்பது பெருமைக்குரியது. அத்தகைய நீச்சலில் துணைப்படகு கூடவே வரும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். சென்னைக் கடலோரத்தில் பயிற்சி செய்பவர்களும் படகோ கயாக்கோ உடன்வர, கடல் தெரிந்த மீனவரின் துணையோடு, குழுவாகவே இறங்க வேண்டும். நகருக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் நடத்தும் அலைச்சறுக்குப் பள்ளி இருப்பதால், அன்றைய கடலைப் பற்றிக் கேட்டறிய ஆள் கிடைக்கும். “இன்னிக்கு வேணாம்” என்று அவர்கள் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

கரையோர நீரோட்டம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும், கோடைக்கு முன்பிருந்தே வடக்கு நோக்கியும் ஓடும். மிதவையைக் குறிவைத்து நீந்துபவர் சில நிமிடங்களில் பல மீட்டர் தள்ளிப்போயிருப்பார். அதனால்தான் ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி பார்த்துத் திசையைச் சரிசெய்யும் பழக்கம் தேவை. குளத்திலேயே இதைப் பழகலாம். தேர்ந்த வீரர் அல்லாதோருக்கு நீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் அணியப் பன்னாட்டு விதி இடம் தராது. சென்னைக் கடல் எப்போதும் அதைவிடச் சூடானது. குளிர்நாட்டவர் முதலில் வாங்கும் அந்த உடைக்கு இங்கே வேலையில்லை. ஆனால் அது தரும் மிதப்பும் இங்கே கிடையாது.

புதியவர்களுக்குத் தைரியம் தரும் விதிகள் சில உண்டு. எந்த வகை நீச்சலும் அடிக்கலாம். மல்லாந்து மிதந்து இளைப்பாறலாம். காவல் கயாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அதைக்கொண்டு முன்னே நகராத வரையில் தகுதி நீக்கம் இல்லை. மூச்சு முட்டினால் ஒரு கையை உயர்த்தினால் போதும். இதை அச்சுறுத்தலாகச் சொல்லவில்லை: அமெரிக்கப் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த 135 உயிரிழப்பு, இதயத்துடிப்பு நின்ற சம்பவங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை என்று தெரிந்தது. நாற்பதைக் கடந்தவர்கள் போட்டிக்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

சைக்கிளும் ஓட்டமும்

நகரத்துச் சைக்கிள்காரர்களின் பள்ளிக்கூடம் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஏறக்குறையச் சமதளம்; முட்டுக்காடு பாலம்தான் ஏற்றம் என்று சொல்லக்கூடியது. விடியலுக்கு முன் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு வெயில், கடற்காற்று, வாகனம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். வார இறுதி விடியலில் இச்சாலையில் கார்கள் வேகமாகப் பறப்பதால் முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், கூட்டாளிகள் இல்லாமல் இறங்கக் கூடாது. ஓரத்தில் படியும் மணலில் சக்கரம் வழுக்கும். மாற்று டியூபும் சிறிய பம்பும் கையில் இருக்க வேண்டும், டியூபை ஒருமுறையாவது வீட்டிலேயே கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள எந்தச் சைக்கிளும் ஸ்பிரிண்ட் தூரத்துக்குப் போதும்.

போட்டியில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் ஓட்டுவது பெரும்பாலான வயதுப் பிரிவுப் போட்டிகளில் குற்றம். முன்னவருக்குப் பின்னால் பத்து மீட்டர் விட வேண்டும் என்பது ஒலிம்பிக் தூரம் வரையிலான பொது அளவு. குழுவாக ஓட்டியே பழகியவர்கள் அவ்வப்போது தனியாகவும் ஓட்டிப் பழக வேண்டும்.

ஓட்டத்துக்கு இந்நகரில் இடத்துக்குக் குறைவில்லை. புதியது ஒன்றுதான்: சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் கால்கள் மரக்கட்டை போல் ஆகிவிடும். வாரம் ஒருமுறை சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடினால் அந்தத் தடுமாற்றம் சில வாரங்களில் குறையும்.

மாறுமிடம்

நீரிலிருந்து வந்து சைக்கிளை எடுக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழத் தரை கிடைக்கும். அனுபவசாலிகள் அங்கே சிறு துண்டு ஒன்றை விரிப்பார்கள். தலைக்கவசம் சைக்கிள் கைப்பிடியில் கவிழ்ந்து, வார்கள் இருபக்கமும் திறந்து தொங்கும். ஷூவுக்குள் பவுடர் தூவியிருக்கும், ஈரக்கால் சட்டென்று நுழைவதற்காக. எண் அட்டை இடுப்புப் பட்டையில் கோத்து வைக்கப்பட்டிருக்கும். தலைக்கவசத்தின் கொக்கியைப் போட்ட பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். திரும்ப வைத்த பிறகே கழற்ற வேண்டும். குறித்த கோட்டைத் தாண்டும் முன் ஏறக் கூடாது. இவ்விதிகளை மறந்து தண்டனை வாங்குபவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

போட்டிகளைக் கண்டறிதல்

சென்னை வட்டாரத்தில் போட்டிக்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் கொந்தளிக்கும் கடலும், ஏப்ரலுக்குப் பின் வெயிலும் தடை. போட்டி அறிவிப்புகளை இந்திய டிரையத்லான் கூட்டமைப்பின் நாட்காட்டியிலும், இணையப் பதிவுத் தளங்களிலும் பார்க்கலாம். ஆனால் ரோடு பைக் விற்கும் கடைகளும் ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பும் இன்னும் முன்னதாகவே சொல்லிவிடும். குளத்தில் நீந்த வைக்கும் போட்டிகளும், நீச்சலுக்குப் பதில் ஓட்டம்–சைக்கிள்–ஓட்டம் என்று அமையும் டூயத்லானும் முதலடிக்கு ஏற்றவை.

பணம் கட்டும் முன் நடத்துவோரிடம் நேரே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. நீரில் எத்தனை உயிர்காப்பாளர்கள், எத்தனை கயாக்குகள்? சைக்கிள் பாதையில் வாகனங்கள் நிறுத்தப்படுமா, அல்லது போக்குவரத்தோடு கலந்தா? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? கடல் சரியில்லை என்றால் நீச்சலை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு? தெளிவான பதில் வராத போட்டியை, பதக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடலாம்.

அடுத்த படிக்குப் பயணம் தேவைப்படும். கோவாவில் 2019இல் அயர்ன்மேன் 70.3 மிராமர் கடற்கரையில் தொடங்கியது; கொழும்பில் 2018இல் இதே தூரப் போட்டி நடந்தது. வழக்கமாக 70.3இல் நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள்ளும், முழுப் போட்டியை எட்டரை மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். பயிற்சிக் குளத்தில் 1.9 கி.மீ.யை ஐம்பது நிமிடத்தில் நிற்காமல் முடிக்க முடிகிறவர், கடலின் இழுப்பைக் கணக்கில் கொண்டும், அந்த முதல் எல்லையைத் தாண்டிவிடுவார்.