சர்ப்பகந்தி வேரும் செரோட்டோனினும்

சிவன் அமல்பொடி என்றும் வழங்கப்பெறும் சர்ப்பகந்தியின் கசப்பு வேர், பாம்புக்கடிக்கும் உறக்கமின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் உரிய மருந்தாக நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் கையாளப்பட்டு வந்தது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதோடு மனநோயின் கொந்தளிப்பையும் அடக்குவதாக எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் காரப்பொருள்களை, அதாவது தாவரங்களில் விளையும் நைட்ரஜன் கலந்த மருந்துப் பொருள்களை, பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளிடம் கண்ட பயனை 1949இல் பிரித்தானிய இதயநோய் இதழில் வெளியிட்ட பின்னரே மேலைநாடுகளின் கவனம் இவ்வேரின்மீது திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரெசர்பின் என்னும் காரப்பொருளைப் பிரித்தெடுத்தது; ஆயினும் இம்மருந்தின் வரலாற்றை அவ்வாண்டிலிருந்து தொடங்குவது இந்திய மருத்துவர்களின் உழைப்பை மறைப்பதாகும்.

டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து டிரிப்டமினை ஆக்கி, அதனை அடிப்படையாகக் கொண்டே சர்ப்பகந்தி ரெசர்பினை உருவாக்குகிறது. மனித உடலும் அதே டிரிப்டோபனிலிருந்துதான், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் ஹைட்ராக்சி டிரிப்டமினை ஆக்கிக்கொள்கிறது. செரோட்டோனின், ஏற்பிகள் எனப்படும் புரதங்களில் பொருந்தி அணுவைத் தூண்டுவது. ரெசர்பினோ ஏற்பிகளைத் தொடாமல், செரோட்டோனினைச் சேமிக்கும் நுண்பைகளுக்குள் அது புகும் வழியை அடைத்துவிடுவதால், வெளியே தங்கும் செரோட்டோனின் சிதைந்து, சேமிப்பு வற்றிப்போகிறது. அமெரிக்காவில் பிளெட்சர், ஷோர், பிராடி ஆகியோர் 1955இல் இந்த இழப்பைக் கண்டறிந்தது, மனநிலைக்கும் மூளையின் வேதிப்பொருளுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கத்தக்க கேள்வியாக்கியது. 1957இல் காடமும் பிக்காரெல்லியும், கினிப்பன்றியின் குடலை ஆராய்ந்து, செரோட்டோனினுக்கு இருவகை ஏற்பிகள் உள்ளன என்று காட்டினர். இன்று அவை ஏழு குடும்பங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அதே 1957இல் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை உடலில் டோபமினாக மாறும் டோபா என்னும் பொருள் கொடுத்து எழுப்பியமையால், அம்மருந்து டோபமின் முதலிய பிற பொருள்களையும் வற்றச் செய்வது தெளிவாயிற்று. ஆகவே அதன் விளைவு முழுவதையும் செரோட்டோனினின்மேல் மட்டும் ஏற்றுதல் பொருந்தாது.

சிலரிடம் ஆழ்ந்த மனச்சோர்வு காணப்பட்டமையாலும் புதிய மருந்துகள் வந்தமையாலும் ரெசர்பினின் பயன்பாடு அருகியது. வேருக்காகவே செடி தோண்டப்படுவதால் காடுகளிலும் அது குறைந்து, 1990இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மருந்துக்கு வேண்டிய வேரைக் காட்டிலிருந்து எடுப்பதை விடுத்து, பயிரிட்டுப் பெறுவதே இச்செடிக்குச் செய்யத்தக்க நீதியாகும்.