ரெண்டு வரி திருத்தப் போய்...

2021-ல, வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆணி புடுங்கி முடிச்ச ஒரு ராத்திரி, சைபை டாக்குமென்டேஷன்ல ஒரு உதாரணம் குழப்பமா இருக்கேன்னு ரெண்டு வரி திருத்தினேன். பக்கம் எப்படி வருதுன்னு பாக்க பில்ட் கொடுத்தா, "மொதல்ல லைப்ரரியை கம்பைல் பண்ணு"ங்குது பொட்டி! அதுக்கு ஃபோர்ட்ரான் கம்பைலர் வேற வேணுமாம். படிக்கிற பக்கத்துக்கு ஃபோர்ட்ரான் எதுக்குய்யா? மண்டை காய்ஞ்சு போய் வரலாறைத் தோண்டினேன்.

சைபை 2001-ல பொறந்தது. டிராவிஸ் ஒலிஃபாண்ட், எரிக் ஜோன்ஸ், பேரு பீட்டர்சன் ஆகிய மூணு பேரும் தனித்தனியா எழுதி வச்சிருந்ததை ஒண்ணாக்கினாங்க. மேல பைத்தான், அடியில ஃபோர்ட்ரான். அணிக் கணக்குக்கு நம்பியிருந்த பிளாஸ் 1979-லயும், லாபேக் 1992-லயும் வந்தவை. பல வருஷம் சோதிச்ச கணக்கைத் திரும்ப எழுதுவானேன்? பீட்டர்சனோட எஃப்2பை மூலமா பாலம் கட்டிட்டாங்க. புத்திசாலித்தனம்தான். ஆனா கம்பைலர் தேடுற வேலை நம்ம தலையில.

சரி, டாக்குமென்ட்? நம்பை 1.0 வந்தது 2006-ல. முழு விளக்கம் வேணும்னா ஒலிஃபாண்ட் எழுதின புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கணும். 2008-லதான் அது இலவசமாச்சு. அதே வருஷம் ஜோ ஹாரிங்டன்ங்கற வானியல் பேராசிரியர் ஆள் திரட்டி, டாக்ஸ்ட்ரிங் எழுதுற மாரத்தான் ஒண்ணை ஆரம்பிச்சார். விக்கி மாதிரி யார் வேணா திருத்தலாம். அதே 2008-ல ஜார்ஜ் பிராண்டலோட ஸ்ஃபிங்ஸும் வெளியாச்சு.

இங்கதான் என் கேள்விக்கு விடை. விளக்கம் தனி ஃபைல்ல இல்ல, கோடுக்குள்ளேயே இருக்கு. அதை எடுக்க ஸ்ஃபிங்ஸ் லைப்ரரியை இம்போர்ட் பண்ணியாகணும். இம்போர்ட் ஆகணும்னா கம்பைல் ஆகியிருக்கணும்!

2012-ல கான்டா வந்துச்சு. வீல் வடிவம் வந்து, 2016-ல லினக்ஸுக்கும் மெனிலினக்ஸ் வழி பிறந்தப்புறம், பிப்ல ஒத்தை வரியில நிறுவ முடிஞ்சுது. ஆனா அந்த சொகுசு உபயோகிக்கிறவங்களுக்குத்தான். திருத்த வர்றவன் பழைய பாதையிலதான் நடக்கணும். ரெண்டு வரி திருத்த வந்து, பாதியில ஓடிப்போனவங்க எத்தனை பேரோ!

நான் ஓடல. ராத்திரி ஒரு மணிக்கு பில்ட் முடிஞ்சு பக்கம் வந்துச்சு. பாத்தா, என் ரெண்டு வரியில ஒரு எழுத்துப்பிழை :-)