வீட்டுச் சாடியும் 1937-ஆம் ஆண்டுச் சட்டமும்

கோதுமை பியரை வீட்டிலேயே ஆக்கிக்கொள்வதற்கென்று மேலை நாடுகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். பாகாகக் காய்ச்சி இறுக்கிய மால்ட், ஒரு பொட்டலம் ஈஸ்ட், கசப்புக்கு ஹாப்ஸ் பூவின் சாறு, மூடியில் காற்றுக்குழல் பொருத்திய ஒரு வாளி. பெட்டிக்குள் இருப்பது இவ்வளவே. பாகை வெந்நீரில் கரைத்து, நீர் சேர்த்து ஆறவிட்டு, ஈஸ்ட்டைத் தூவி இரண்டு வாரம் காத்திருந்தால் ஏறத்தாழ 23 லிட்டர் பியர் கிடைக்கும். இப்பெட்டியைக் கோயம்புத்தூரில் ஒருவர் திறந்து பயன்படுத்தலாமா என்று நண்பர்களிடையே ஒருநாள் பேச்சு எழுந்தது. கூடாது என்பதே விடை. ஆனால் அந்தக் 'கூடாது' எங்கே பிறந்தது என்று தேடப் புகுந்தால், நம்மைச் சுற்றியுள்ள ஊர்களே வரிசையாக வந்து நிற்கின்றன: ஈரோடு, திருச்செங்கோடு, சேலம், மேலே நீலகிரி.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தானியத்திலிருந்து மது ஆக்கும் கலை வெள்ளையர் கொண்டுவந்ததன்று. தானியத்திலுள்ள மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாக உண்ணாது; அதை முதலில் சர்க்கரையாக மாற்றியாக வேண்டும். முளைவிடும் தானியத்தில் அதற்கான நொதிகள் தாமே ஊறுகின்றன. முளைகட்டி உலர்த்திய தானியமே மால்ட். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதைப் படிப்படியாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். நல்லடை என்பதை நெல்முளையை இடித்த மாவாகக் கொண்டால் அது மால்ட்டேயன்றி வேறில்லை. அதே பாட்டு, வீட்டில் சமைத்த தோப்பி என்னும் கள்ளையும் வேறோரிடத்தில் குறிக்கிறது. அது தொண்டை நாட்டுப் பாட்டு, கொங்குக்கு அதை நேர்ச்சான்றாகக் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் தமிழ் நிலத்தில் சாடியும் முளையும் வீட்டுப் பொருள்களாக இருந்தன என்பதற்கு அதுவே போதும்.

கோதுமை பியருக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. பவேரியாவில் 1516-இல் பிறந்த ஆணை, பார்லியும் ஹாப்ஸும் நீரும் தவிர வேறெதையும் பியரில் சேர்க்கலாகாது என்றது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பியர் காய்ச்சும் விலக்குரிமை தரப்பட்டது. 1602-இல் அக்குடும்பம் வாரிசின்றிப் போகவே, கோமகன் மாக்சிமிலியன் அவ்வுரிமையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கோதுமை பியர் அரச வீட்டின் தனி வணிகமாக இருந்து கருவூலத்தை நிரப்பியது. டாஸ்மாக்கைத் தமிழன் கண்ட புதுமை என்று நினைப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

இனி நம் பக்கத்து மலைக்கு வருவோம். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டிக் குடியேறியதும் அந்த உரிமையில்தான். அம்மலையில் படகர்கள் சாமை, கேழ்வரகோடு கோதுமையும் பார்லியும் விளைவித்துவந்தனர். குளிர்ந்த காற்று, நல்ல நீர், அருகில் விளையும் பார்லி, வெலிங்டனில் தாகத்தோடு ஒரு படை: பியர் ஆலைக்கு வேறென்ன வேண்டும்? காசில் பியர் ஆலை 1857-இல் நீலகிரியில் தொடங்கப்பெற்றது. பெரும் பீப்பாய்களில் அடைத்த பியர் மாட்டுவண்டிகளில் படைமுகாம்களுக்குச் சென்றது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காசில் உள்ளிட்ட ஐந்து தென்னிந்திய ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். 1947-இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். இன்று நாடெங்கும் விற்கும் கிங்ஃபிஷர் புட்டியின் வம்சாவளியில் ஒரு கிளை நம் மலையிலிருந்து இறங்கியது என்பதைக் கோவைக்காரர்களே பலர் அறிந்திலர்.

மலையில் ஆலைப் புகை எழுந்துகொண்டிருந்தபோது சமவெளியின் குடி வேறாக இருந்தது. கொங்கின் வறண்ட காடுகளில் பனை, ஆற்றோரங்களில் தென்னை. பாளையில் கட்டும் மண்கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது தெளுவு (பிற பகுதிகளில் பதநீர் என்பர்). தடவாவிட்டால் அதே மரத்தின் அதே நீர் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். முளையோ மாவோ இதற்கு வேண்டியதில்லை. சர்க்கரையை மரமே தருகிறது, நொதியைக் காற்றும் கலயமும் தருகின்றன. விரல் நுனிச் சுண்ணாம்புதான் உணவுக்கும் குற்றத்துக்கும் நடுவில் நின்றது.

இந்தக் கலயத்தின் மீதுதான் தேசிய இயக்கத்தின் கண் விழுந்தது. 1921-இல் கள்ளுக்கடை மறியலின் தலைக்களமாக ஈரோடு விளங்கிற்று. ஈ.வெ. ராமசாமி சேலத்தருகே தாதம்பட்டியில் இருந்த தம் தோப்பின் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைப்பட்டபின் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலை நடத்தினர். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் சொன்னதாக ஒரு செய்தி இன்றும் வழங்குகிறது. ஆனால் ஐந்நூறு மரங்களை எண்ணிப் பார்க்கையில் நமக்கு ஒரு தயக்கம் எழுகிறது. தென்னை தேங்காயும் தரும், கீற்றும் தரும். குற்றம் மரத்தினுடையதன்று. பின்னாளில் பெரியாரே மதுவிலக்கைக் கடுமையாகச் சாடியதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே தனியாகச் சொல்ல ஒன்றுண்டு. ராஜாஜி 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். அங்கிருந்து 1929-இல் 'விமோசனம்' என்னும் மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்கு ஒன்றுக்காகவே நடந்த இதழ் அது. ஆசிரியர் ராஜாஜி, அவருக்குத் துணை ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞர், அதாவது கல்கி. பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று. பின்னர் லட்சக்கணக்கானோரைக் கதையால் கட்டிப்போட்ட பேனா, கள்ளுக்கு எதிரான கதைகளிலும் பயிற்சி பெற்றது என்பது நம் இலக்கிய வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி.

1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானதும் தம் சொந்த மாவட்டத்திலேயே தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் தருமபுரியும் அன்று சேலத்துக்குள் அடங்கியவை. கள் வருவாய் போனதால் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அத்தகைய வரிகளுள் அதுவே முதலாவது. 1948 அக்டோபர் 2-க்குள் மாகாணம் முழுவதும் விலக்கின் கீழ் வந்துவிட்டது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1971-இல் விலக்கு தளர்ந்தது, 1973-74-இல் மீண்டும் இறுகியது. 1981-இல் கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் மறுபடி தடைசெய்யப்பட்டன. ஆலையில் பிறந்த புட்டிகள் தங்கின. 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 1987-க்குப் பின் பியர் புட்டிக்குக் கடை கிடைத்துக்கொண்டே இருக்க, கலயம் மட்டும் வெளியிலேயே நின்றது. கலயத்துக்கு ஆலை இல்லை, தீர்வை வாங்க ஒரே வாயில் இல்லை. ஆயிரம் மரங்களில் ஆயிரம் கலயங்களை எந்த அதிகாரி எண்ணுவார்? ஒழுக்கம் ஒருபுறம் இருக்க, இந்த எண்ணும் வசதியும் புட்டியின் பக்கம் நின்றது என்பது எங்கள் கணிப்பு.

பெட்டிக்குத் திரும்புவோம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக உயிரோடு இருக்கிறது. அதன் நான்காம் பிரிவு மது தயாரிப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. கள் இறக்கவோ மது ஆக்கவோ உதவும் பொருள், பாத்திரம், கருவி ஆகியவற்றை அதற்கென வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. காற்றுக்குழல் பொருத்திய வாளி அப்பிரிவில் அழகாக அடங்கிவிடும். பிரிட்டனில் வீட்டு பியருக்கான உரிமம் 1963-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டரசு அளவில் அதற்கு வழிவிட்டது. அங்கே பொழுதுபோக்காகிவிட்ட செயல் இங்கே வழக்காகும்.

அச்சம் காரணமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறக்க முடியும்? ஆனால் அங்கே கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக்குரிய நஞ்சு. முளைகட்டிய தானியமோ பாளை நீரோ புளிப்பதால் அத்தகைய அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. புளிக்க வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் 'வீட்டில் காய்ச்சியது' என்ற ஒரே சொல்லால் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கொங்கு அடுக்களையில் கம்மங்கூழும் இட்லி மாவும் இரவெல்லாம் புளித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கள் இறக்கும் உரிமை கேட்டு செ. நல்லசாமியின் தலைமையில் தமிழ்நாடு கள் இயக்கம் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறது. 2017-இல் அரசு ஓர் இடைவழி கண்டது: தென்னம்பாளையின் நீரைப் புளிக்காத 'நீரா'வாக மட்டும் இறக்க அனுமதித்தது. பொள்ளாச்சியிலும் திருப்பூரிலும் உழவர் நிறுவனங்கள் அதில் இறங்கின. அங்கே சுண்ணாம்பின் வேலையைக் குளிர்பெட்டியும் புளிப்பைத் தடுக்கும் கரைசலும் செய்கின்றன. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சென்று கோபாலபுரத்தைக் கடந்தால் சித்தூர் வட்டம், கேரளம். அங்குள்ள தோப்புகளில் இறக்கும் கள் அம்மாநிலத்தின் கடைகளுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. எல்லையின் இருபுறமும் தென்னை ஒன்றுதான், பாளையைச் சீவும் அரிவாளும் ஒன்றுதான்.